வெள்ளைக்காரப் படங்களுக்கு நான் ஃப்ரேம் போட்ட கதை

அப்பாவுக்கு ஏன் இப்படிச் சட்டென்று கோபம் வருகிறது என்று நீங்கள் அம்மாவிடம் கேட்பது எனக்குத் தெரியும். எல்லாக் கோபத்துக்கும் என்னால் காரணம் சொல்ல முடியாது. ஒன்றுக்கு மட்டும் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் மாட்டுங்காவில் படங்களுக்கு ஃப்ரேம் போடும் கடை ஒன்றில் வேலை செய்தேன். தாராவியிலிருந்து நடந்தே போய்விடுவேன். வருவதெல்லாம் சாமி படம்தான், பாதிக்கு மேல் காலண்டரிலிருந்து கிழித்தவை. முருகனோ, லட்சுமியோ, மாதாவோ, யாராக இருந்தாலும் எங்கள் வேலைமுறை ஒன்று. படத்துக்குக் கீழே துணிக்கடை பேரோ நகைக்கடை பேரோ இருக்கும். அதை முதலில் வெட்டி எறிய வேண்டும். எவனோ ஒருவன் கடைப் பேருக்கும் சேர்த்து யார் சூடம் காட்டுவார்கள்? பிறகு மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்கத் துளி மயில்துத்தம் கலந்து, படத்தின் முதுகு முழுக்கத் தடவி, அட்டையில் ஒட்டி, ஈரத்துணியால் நீவ வேண்டும். ஒரு சுருக்கம் விழாது என் கையில்.

முதலாளி எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு நாள் கோட்டைப் பக்கம் ஏதோ பெரிய கம்பெனியில் ஆபீசராக இருந்த ஒருவர் காரில் வந்தார். நம் நாட்டுக்காரர்தான், பேச்சு மட்டும் பாதி இங்கிலீஷ். இடையிடையே மெல்லிய தாள் வைத்து அடுக்கிய பன்னிரண்டு பழைய படங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் உள்ளே இருந்தேன், அவர் அண்ணாச்சியிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

எல்லாம் அந்தக் காலத்து இங்கிலாந்து ஆட்கள். ஆறு படத்தில் உழைப்பாளிகள். தோள்கட்டையின் இரண்டு பக்கமும் வாளி தொங்க நிற்கிற பால்காரி, மணியடித்துக் குப்பை வாங்குகிறவன், கரிமூட்டை சுமக்கிறவன், இப்படி. மற்ற ஆறில் பட்டாளத்துக்காரர்கள், சிவப்புக் கோட்டும் மார்பில் குறுக்காக வெள்ளை வாருமாக. ஒவ்வொன்றுக்கும் கீழே இங்கிலீஷ் எழுத்து. என் எட்டாம் வகுப்பு இங்கிலீஷை வைத்து எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். பெரிய எழுத்தில் ஆளின் தொழில். பொடி எழுத்தில் இரண்டு மூன்று பேருடைய பேர், லண்டனில் ஒரு தெரு.

படங்களை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன்.

"அண்ணாச்சி, கீழ எழுத்து இருக்கு. வெட்டவா, விடவா?"

"என்னல எழுத்து?"

"வரைஞ்சவன் பேரு, வித்த கடை பேரு மாதிரி தெரியுது."

"வெள்ளக்காரன் கடைக்கு நாம எதுக்குல வெளம்பரம் போடணும்? அவனே மூட்ட கட்டிட்டுப் போயிட்டான். வெட்டு. சாமி படத்துக்குச் செய்யுத மாதிரியே செய்யி."

வெட்டினேன். பன்னிரண்டு துண்டும் குப்பையோடு போயிற்று. பிறகு முதல் சிப்பாய்க்குப் பசை தடவி ஒட்டி நீவினேன். துணியில் சிவப்பு வந்தது. பதறி எடுத்தால் அவன் வெள்ளை வாரெல்லாம் ரோஸ் நிறம். காலண்டர் நிறம் அப்படிக் கரையாது. கோடு மட்டும்தான் அச்சு, நிறம் ஒவ்வொரு தாளிலும் யாரோ கையால் பூசியது என்று அப்போதுதான் புரிந்தது. மற்ற படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இன்னொரு சிப்பாயின் முழங்கைப் பக்கம் சிவப்பு வரம்பை மீறி வானத்துக்குள் போயிருந்தது. அவசரத்தில் பூசிய கை. காலை முதல் சாயங்காலம் வரை சிவப்பை மட்டுமே பூசிக்கொண்டிருந்த ஆளாக இருக்கும். சிப்பாயை விட அந்த ஆளைத்தான் எனக்கு நன்றாகத் தெரிந்தது போலிருந்தது.

மீதிப் பதினொன்றை ஒட்டாமல் நிறுத்தினேன். மேல் ஓரத்தை மட்டும் லேசாகப் பிடிக்க வைத்துக் கண்ணாடி போடலாம் என்று அண்ணாச்சியிடம் நான்தான் யோசனை சொன்னேன். சரி என்றார்.

வேலை பாதியில் இருக்கும்போதே அந்த ஆபீசர் பார்க்க வந்துவிட்டார். ஒரு படத்தை எடுத்தார். கீழ் விளிம்பைத் தடவினார். முகம் கறுத்தது. அந்த எழுத்துதான் படத்துக்கு அத்தாட்சி, அது போனால் வெறும் பழைய தாள் என்று கத்தினார். யார் வெட்டியது என்று கேட்டார்.

அண்ணாச்சி என்னைக் கைகாட்டினார். "அன்பட் ஆத்மி, சாப். பூச்சா நஹி."

படிக்காதவன், கேட்காமல் செய்துவிட்டான் என்று அர்த்தம். நான் கேட்டிருந்தேன். வாயைத் திறந்து கேட்டிருந்தேன். ஆனால் உங்களில் மூத்தவன் அப்போது அம்மா வயிற்றில் எட்டு மாதம். பசைக் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"நிகாலோ இஸ்கோ", இவனைத் துரத்து என்றார் ஆபீசர். "ஏல, நாளையிலேருந்து வராத" என்றார் அண்ணாச்சி, இந்தியில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.

ஆபீசர் பால்காரியைத் தூக்கிப் பிடித்தார். உழைக்கிறவர்கள் முகத்தில் எவ்வளவு களை பார் என்று அண்ணாச்சியிடம் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். உழைக்கிறவன் ஒருவன், நான், அவருக்கு இரண்டடி தள்ளிப் பசைக் கையோடு நின்றிருந்தேன். வரைந்தவன் பேரும் விற்றவன் பேரும் போனதற்கு அத்தனை துக்கம். வாளி சுமந்தவளின் பேரை முதலிலேயே எவனும் போடவில்லை. அதை அவர் தேடவே இல்லை.

சுவரில் மாட்டவாவது உதவட்டும், முடித்து வை என்று சொல்லிவிட்டு ஆபீசர் போனார். கார் போனதும் அண்ணாச்சி என் தோளில் கை வைத்தார்.

"கோவிக்காதல. அவன் முன்னால வேற என்னத்தச் சொல்ல? நாளைக்கு வழக்கம்போல வா. அவன் வாற அன்னைக்கு மட்டும் உள்ள இருந்துக்க."

போனேன். அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது. ஒரு வாரம் அதே மேஜையில் உட்கார்ந்து பதினொன்றையும் முடித்தேன். கறை பட்ட சிப்பாயையும் பக்குவமாகப் பிரித்து, மார்புக் கறை மறைய, தோளுக்கு மேலே மட்டும் தெரியும்படி அட்டையில் சன்னல் வெட்டி வைத்தேன். ஆபீசர் எடுத்துப் போக வந்த அன்று பிளைவுட் தடுப்புக்குப் பின்னால், ஃப்ரேம் செய்யும் பீடிங் குச்சிக் கட்டுகளுக்கு நடுவில் ஒளிந்திருந்தேன். மரத்தூளில் இருமல் வந்தது. சட்டையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

படங்கள் அவருக்குப் பிடித்துவிட்டன. "நயா ஆத்மி?" என்று கேட்பது கேட்டது.

"ஹா சாப். நயா ஆத்மி. பஹுத் ஹோஷியார்" என்றார் அண்ணாச்சி. புது ஆள், ரொம்பக் கெட்டிக்காரன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வெளியே வந்தேன். எனக்குத் தெரிந்த தாராவி இந்தியில் சொன்னேன்: புது ஆள் நான்தான். வெட்டியதும் நான்தான். வெட்டலாமா என்று கேட்டதும் நான்தான். வெட்டச் சொன்னவர் இவர்.

ஆபீசர் என்னைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டுப் படங்களை வண்டியில் ஏற்றச் சொன்னார். அவ்வளவுதான். யார் பொய் சொன்னால் அவருக்கென்ன.

கார் திரும்பும்வரை அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"சோறு போட்டவன் மானத்த வாங்கிட்டியேல."

"கடதான் நீங்க போட்டிய அண்ணாச்சி. சோறு என் கை போட்டது."

"போயிரு. இந்தப் பக்கமே வராத."

பகலிலேயே வீட்டுக்கு வந்த என்னைப் பார்த்து உங்கள் அம்மா பயந்துபோனாள். நடந்ததைச் சொன்னேன். வேலை போனதற்குத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினாள், வேறு விஷயத்துக்கு.

"மொத நாளே சொல்லியிருந்தா, திருடன் மாதிரி பலகைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்க வேண்டாம்லா? இப்பம் மட்டும் வேல நெலச்சிட்டா?"

மறுநாளே வேலை தேடக் கிளம்பினேன்.

மாட்டுங்காவிலும் தாதரிலும் எந்தப் படக்கடையும் என்னை எடுக்கவில்லை. கேட்காமல் வெட்டுகிறவன் என்று அண்ணாச்சி பேர் பரப்பிவிட்டிருந்தார். செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனேன். முதுகு இப்படி ஆனது அங்கேதான். அண்ணாச்சி சொன்னதை நம்புகிறவர்கள் நம் சொந்தத்திலேயே இன்னும் இருக்கிறார்கள். கல்யாண வீடுகளில் சிரித்துக்கொண்டே உங்களிடமும் சொல்வார்கள். அவர்களுக்கு நீங்கள் சொல்லுங்கள்: அப்பா கேட்டார். அண்ணாச்சிதான் வெட்டு என்றார்.