தண்ணீர் காணாத துளசி

காய்ச்சல் வந்து போனதிலிருந்து என் கணவருக்கு மூக்கில் ஒரு மணமும் ஏறுவதில்லை. கறி அடிப்பிடித்தாலும் தெரியாது. மணமுள்ள எதையாவது தினமும் முகரச் சொன்னார் டொக்டர். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் பல்கனியில் ஒரு துளசி நின்றது. அது செழித்தால் அவருக்கும் சுகம் வரும் என்று நானே நினைத்துக்கொண்டு இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேன். இலைகள் பெரிதாகத்தான் வந்தன. மூக்கருகில் பிடித்தால், "ஒண்டும் வரேல்லையப்பா" என்பார். பாவம், என் முகம் வாடாமலிருக்கச் சிரிப்பார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணத்துக்காக இரண்டு கிழமை போனோம். கதவுத் திறப்பைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து, "துளசி கவனம், இவற்ற மூக்குக்கு அதுதான் மருந்து" என்று பத்துத் தரம் சொல்லியிருப்பேன். திரும்பி வந்து பார்த்தால் பக்கத்துச் சட்டியில் கறிவேப்பிலை பச்சைப்பசேலென்று நிற்கிறது, துளசிச் சட்டியில் மண் வெடித்துக் கிடக்கிறது! பாதி இலை உதிர்ந்து, மிச்சம் சுருண்டிருந்தது. எனக்கு வந்த கோபம்! வாசலிலேயே அவளைப் பிடித்தேன்.

"உமக்கு நான் என்ன சொல்லிப்போட்டுப் போனனான்?"

அவள் கண் நிறைந்தது. "நீங்கள் போன அடுத்த நாள் கனடாவில அண்ணா செத்துப்போனாரக்கா. முப்பத்தோராம் நாள் சடங்கு இன்னும் முடியேல்லை. செத்தவீட்டுத் துடக்கோட துளசியைத் தொடலாமோ? நீங்கள் கலியாண வீட்டில நிண்டனீங்கள், அங்க எப்பிடி இதைச் சொல்லுறது?"

 நான் திரும்பி உள்ளே வந்துவிட்டேன்.

செடிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஓர் இலையைக் கசக்கினேன். அம்மாடி, என்ன மணம்! தண்ணீர் குறைந்தால் துளசி வளர்ச்சியை விட்டுவிட்டு மணத்தை இலைக்குள் இறுக்கி வைத்துக்கொள்ளும் என்று பிறகுதான் வாசித்தேன். இன்னும் சில நாள் விட்டிருந்தால் செத்தே போயிருக்கும். கசக்கிய இலையோடு அவரிடம் ஓடினேன். ஒருமுறை இழுத்தார், திரும்பவும் இழுத்தார்.

"இஞ்சேரும்... என்னவோ வருது. மெல்லிசா. துளசிதான்."

அழுதுவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல அந்தப் பிள்ளையிட்டப் போம்" என்றார்.

போனேன். "துடக்கு வீடக்கா, உள்ளுக்கு வராதேங்கோ" என்று தடுத்தாள். வந்து குளித்தால் போகிறது என்று உள்ளே போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அண்ணனைச் சொல்லிச் சொல்லி அழுதாள். திடீரென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அத்தானுக்கு இப்பவாவது கொஞ்சம் மணக்குதோ அக்கா?"