வியாழக்கிழமை புறப்பட்ட லேப்டாப்

தொண்ணூறுகளின் கடைசி. நான் வேலை பார்த்த தொழிற்சாலை மூடிக் கிடந்தது. அதன் இரும்புக் கதவில் ஏறிய கொடிகூடப் பூத்துவிட்டது. நான் தாம்பரத்தில் கணினி படித்தேன். பல்லாவரத்துத் தோல் கம்பெனி ஒன்றின் சரக்கிருப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு புரோகிராம் எழுதினேன். வெள்ளிக்கிழமை முற்பகல் முதலாளிக்குக் காட்ட வேண்டும். மதியம் அவருக்கு விமானம். பிடித்தால் அங்கேயே வேலை. பிடிக்காவிட்டால் என்ன என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த ஆபீசில் கணினியே கிடையாது. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அக்கா வீட்டுக்காரர் தம் பழைய லேப்டாப்பைக் கொடுத்தார்.

"ஆஃப் பண்ணாத மச்சான், மறுபடி கிளம்ப அடம்பிடிக்கும். மூடி வச்சிடு, தூங்கும். திறந்தா விட்ட இடத்துலயே நிக்கும்."

அதன் சார்ஜருக்கு நம்மூர் மின்சாரம் ஆகாது. நடுவில் செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு யார் ரயிலேறுவது?

புதன் இரவு முழுக்க சார்ஜ் ஏற்றி, புரோகிராமைத் திறந்து, அப்படியே லேப்டாப்பை மூடி வைத்தேன். விடிந்ததும் அம்மா காலண்டரைப் பார்த்துவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை மேற்க சூலம்டா. ரயிலேற தாம்பரம்தான போகணும்? செம்பாக்கத்துலேர்ந்து அது மேற்கதான?"

சூலம் இருக்கும் திசைக்குப் போகக் கூடாது. போயே ஆகவேண்டுமென்றால் முந்தின நாளே நல்ல நேரத்தில் கையோடு போகிற சாமானை வேறு வீட்டில் கொண்டு வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே புறப்பட்டதாகக் கணக்கு. வியாழக்கிழமை காலையிலேயே லேப்டாப் எதிர்வீட்டு அக்காவின் சாமி அலமாரிக்குப் போயிற்று.

சாயங்காலம் அந்த அக்கா வாசலில் நின்று கூப்பிட்டாள். "இன்னாப்பா, உன் பொட்டி சாமி பக்கத்துல குந்திகினு கண்ணடிச்சிகினே கீது? எங்க வூட்டுக்காரரு அங்க போகவே பயப்படறாரு!"

போய்ப் பார்த்தேன். மூடிய விளிம்பில் பச்சைப் பொட்டு, சாமி விளக்கைவிடச் சீராக, மின்னி மின்னி அடங்கியது. எடுத்துவந்து இன்னொரு முறை சார்ஜ் போடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"புறப்பட்ட சாமான் வீட்டுக்குத் திரும்பக் கூடாது" என்றாள் அம்மா. "அதான் தூங்குதே, விடேன்."

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக் கூட்டத்தில் அதைக் குழந்தையைப் போல மாரோடு அணைத்துக்கொண்டு போனேன். முதலாளியின் மேஜைமேல் வைத்துத் திறந்தேன். கறுப்பு. பொத்தானை அழுத்தினேன். கறுப்பு. அதில் என் முகம் தெரிந்தது, நெற்றியில் அம்மா இட்ட விபூதியோடு.

"என்ன தம்பி, இன்னும் எழுந்திருக்கலையா?" என்றார் முதலாளி.

"நைட் ஷிஃப்ட் போயிட்டு வந்திருக்கும் சார்" என்றார் கணக்குப்பிள்ளை. முதலாளியும் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடுத்த தடவை நான் ஊர்லேர்ந்து வரப்ப பாக்கலாம் தம்பி."

அப்படி ஒரு தடவை வரவேயில்லை. தூங்குகிறதும் தின்னும். ஒரு பகல், ஓர் இரவு, இன்னொரு காலை. சாமி அலமாரியில் கண்ணை மூடியபடியே அது தன் பேட்டரியைத் தின்று தீர்த்திருந்தது. விளக்குக்கு எதிர்வீட்டு அக்கா எண்ணெய் ஊற்றினாள். இதற்கு ஊற்ற யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்து டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டினேன். இருமிற்று, முனகிற்று, அடம்பிடிக்காமல் எழுந்துகொண்டது. புரோகிராமைத் திறந்தேன். ஒரு பிழை இல்லை.

அம்மா ஓடிவந்தாள். "இதோ எரியுதே! நல்ல நேரத்துல புறப்பட்டது கெட்டுப்போகுமா? அவரு என்ன சொன்னாரு?"

அடுத்த தோலின் எண்ணைக் கேட்டுத் திரையில் ஒரு சின்னக் கோடு துடித்துக்கொண்டிருந்தது. கொடுக்க என்னிடம் எண் எதுவும் இல்லை.