பட்டம் மாட்டிய கம்பம்

நகராட்சி அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ‘பூதக்கண்ணாடி’. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் முதுகுக்குப் பின்னால் நடப்பதைத் தெரிந்துகொள்ளாமல் விடுகிற ஆளா அவள்? யார் வைத்தது, எந்த மாடிப்படியில் நின்று முதலில் சொன்னது, அதற்கு யார் யார் சிரித்தது என்பது வரை விசாரித்து வைத்திருந்தாள். கோபமெல்லாம் படவில்லை. பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

வேலை புகார்ப் பிரிவில். நுழைந்ததும் வலது பக்கம் முதல் அறை. குழாய் உடைந்தாலும், சாக்கடை அடைத்துக்கொண்டாலும், பூங்காவில் ஊஞ்சல் சங்கிலி அறுந்தாலும் ஊர் முதலில் அவள் காதில்தான் வந்து கத்தும். அவள் எண் போட்டுக் கொடுப்பாள், உரிய பிரிவுக்கு அனுப்புவாள், வேலை முடிந்ததும் ‘சரி செய்யப்பட்டது’ என்று எழுதி முடித்து வைப்பாள். இந்தக் கடைசி வேலையில்தான் வம்பே. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் வாயால் கேட்டுவிட்டு முடித்தார்கள். இவள் கண்ணால் பார்த்துவிட்டு முடிப்பாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் குடையை விரித்துக்கொண்டு போய், புதிதாகப் போட்ட சாக்கடை மூடியின் மேல் ஏறி நின்று ஆடுகிறதா என்று சோதித்த எழுத்தர் அந்த நகராட்சியின் வரலாற்றிலேயே இவள் ஒருத்திதான்.

பிறக்கும்போதே யாரும் சந்தேகத்தோடு பிறப்பதில்லை. அவளுடைய அப்பா அதே நகராட்சியில் குடிநீர்ப் பிரிவில் இருந்தவர். பணியில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு, தம்பிக்கு ஏழு. அம்மா ஏற்கெனவே இல்லை. வாரிசு வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பதினான்கு மாதம் நடையாய் நடந்தாள். போகும்போதெல்லாம் தலைமை எழுத்தர் ஒரே பதிலைத்தான் சொன்னார்: கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒருநாள் அவர் முன்னால் நிற்கும்போது கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் மேஜைக்கு அடியில் தன் அப்பாவின் பெயரைப் பார்த்தாள். ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தது அவளுடைய கோப்பு.

அன்றைக்குச் செத்தது அவளுடைய நம்பிக்கை. வேலை கிடைத்தது. கிடைத்த இரண்டாம் ஆண்டே விடாமல் மனு மேல் மனு போட்டு ஒரு விதியையும் கொண்டு வந்தாள்: எந்தக் காகிதமும் வருகைப் பதிவேட்டில் ஏறிவிட்டால் அதை எவரும் திரும்ப வாங்க முடியாது, முடிவு எழுதியே ஆகவேண்டும். நல்ல விதிதான். எத்தனையோ பேருக்கு அதனால் விடிந்தது.

தம்பியையும் அவளே வளர்த்தாள். கல்யாணம் செய்து வைத்தாள், வீட்டின் மாடியைக் கொடுத்தாள். அவன் பதினோரு வருடமாக நகராட்சி மின்பிரிவில் தெருவிளக்கு ஆள், தற்காலிகப் பணி. ஏணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் முழுக்கக் கம்பம் ஏறுவான். தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்கும் பட்டியல் அந்த மாதக் கடைசியில் வெளிவர இருந்தது. அதில் அவன் பெயரும் இருந்தது. நாற்பது வயது முடிந்தவர்களுக்குப் பட்டியலில் இடமில்லை. அவனுக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது. அதாவது இதை விட்டால் வேறு பட்டியல் கிடையாது. வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசவே மாட்டார்கள். பேசினால் கை நழுவிப்போய்விடுமோ என்ற பயம்.

இந்த நேரத்தில்தான் படங்களால் வம்பு வந்தது. புகார்களைப் பொய்யாக முடிக்கிறார்கள் என்று உறுப்பினர்கள் கூச்சல் போட்டதால், வேலை முடிந்த அன்றே, மாலை ஐந்து மணிக்குள், ஆதாரமாக ஒரு படம் அனுப்ப வேண்டும் என்று நகர மன்றம் முந்தைய ஆண்டு தீர்மானம் போட்டிருந்தது. மணி தாண்டினால் கணினியில் அந்தப் புகார் சிவப்பாகிவிடும். சிவப்பு விழுந்தால் மேலே பதில் சொல்லவேண்டும். பூதக்கண்ணாடிக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. வெயிலில் அலையாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊரைச் சந்தேகப்படலாம்.

ஒரு வியாழக்கிழமை தபால் நிலையத் தெரு விளக்கின் படத்தைத் திறந்தாள். விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. கம்பத்தின் கம்பியில் ஒரு கிழிந்த பட்டம், சிவப்பு வாலோடு தொங்கியது. சரி என்று முடிக்கப் போனவளுக்குக் கை நின்றது. இந்தப் பட்டத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே? பின்னால் போய்த் தேடினாள். குளக்கரைத் தெரு: அதே விளக்கு, அதே பட்டம். பள்ளிக்கூடப் பின்தெரு: அதே பட்டம். மூன்று தெருவில் மூன்று பட்டம் மாட்டலாம். மூன்றும் ஒரே ஓரத்தில் கிழிந்து, மூன்றின் வாலும் ஒரே பக்கம் மடங்கித் தொங்குமா?

அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது மின்பிரிவு மேற்பார்வையாளர். தேன் ஒழுகப் பேசுகிற மனுஷன். வாரத்துக்கு இரண்டு நாள் கேட்காமலே அவளுக்குத் தேநீர் சொல்லி அனுப்புவார். காரணமில்லாமல் தேநீர் வாங்கிக் கொடுக்கிறவனை அவள் முப்பத்தொரு வருடமாக நம்பியதில்லை. பல்பு வருகிறது, கம்பத்துக்குப் போவதில்லை, வேறெங்கோ போகிறது, பழைய படத்தைக் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்று ஐந்து நிமிடத்தில் கோட்டை கட்டிவிட்டாள். தம்பியும் அதே பிரிவுதானே என்று தோன்றாமல் இல்லை. ஆனால் அவன் ஏணி ஏறுகிறவன். படம் காகிதமெல்லாம் மேற்பார்வையாளர் பாடு என்று தானே முடிவு செய்துகொண்டாள். வெள்ளிக்கிழமை காலையில் ஆணையருக்கு ஒரு குறிப்பு எழுதினாள்: மூன்று புகார்கள், ஒரே படம், விசாரணை தேவை. தன் கையாலேயே வருகைப் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, மேலே அனுப்பினாள்.

மாலையில் மின்பிரிவுக் கிடங்குக்காரர் ஏதோ கையெழுத்துக்கு வந்தார். அவரிடம் பேச்சுக் கொடுத்தாள். மேற்பார்வையாளருக்குப் படம் அனுப்பப் பிரிவுக்குக் கொடுத்த கைபேசியைத் திறக்கக்கூடத் தெரியாது, எல்லாப் படமும் உங்கள் தம்பிதான் அனுப்புகிறான் என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவள் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாள், காலையில் போட்ட எண் அப்படியே இருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் அன்று இரவே மாடிக்குப் போய், ‘என்னடா இது?’ என்று கேட்டிருப்பாள். இவள் கேட்கவில்லை. கேட்டால் பதில்தானே வரும்; பதிலை எப்போது நம்பினாள்? சனிக்கிழமை முழுக்கத் தம்பியையே வேவு பார்த்தாள். அவன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான், பேசாமல் இருந்தால் எதை மறைக்கிறான். அவன் வெளியே போன நேரத்தில் மாடிப்படிக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே பல்புகள். ஒவ்வொன்றிலும் தெருவின் பெயர் எழுதிய சீட்டு. காதருகே வைத்து ஒவ்வொன்றாகக் குலுக்கினாள், உள்ளே கலகலத்தன. எல்லாம் போன பல்புகள், கிடங்கில் திருப்பிக் கொடுக்க வைத்திருந்தவை. நியாயமாக அப்போதே மனம் ஆறியிருக்க வேண்டும். பழையதைக் கழற்றியது சரி, புதியதைப் போட்டானா என்று அடுத்த கேள்வி முளைத்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தபால் நிலையத் தெரு. ஆறரை மணிக்கு விளக்குகள் தானாக எரியத் தொடங்கின. புகாரில் இருந்த கம்பமும் எரிந்தது. பட்டம் மட்டும் இல்லை. குளக்கரைத் தெருவிலும் எரிந்தது. பள்ளிக்கூடப் பின்தெருவில் வாசலில் நின்றிருந்த ஒரு பெரியவரிடம், இது எப்போதிலிருந்து எரிகிறது என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை பகலில் ஒரு தம்பி வந்து மாற்றிவிட்டுப் போனார், ‘சாயங்காலம் எரியும், பாத்துக்கங்க’ என்று சொன்னார், சொன்னபடியே எரிந்தது என்றார் அவர்.

வேலை நடந்திருக்கிறது. அப்படியென்றால் எதற்குப் பொய்ப் படம்? குழம்பிப்போய் வீட்டுக்கு வந்து சாவியைத் துவாரத்தில் நுழைக்கும்போது, காற்றில் ஏதோ படபடத்தது. தலையைத் தூக்கினாள். அவள் வீட்டு வாசல் கம்பம். கம்பியில் கிழிந்த பட்டம், சிவப்பு வால். எத்தனை மாதமாகத் தொங்குகிறதோ, யாருக்குத் தெரியும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஊரிலுள்ள அத்தனை சாக்கடை மூடியையும் சோதித்தவள் தன் வாசலில் ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

மாடிக்குப் போனாள். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் கேட்டாள்; அவன் மறைக்காமல் சொன்னான். ஐந்து மணிக்குள் படம் வேண்டும் என்கிறது ஒரு தீர்மானம். பகலில் தெருவிளக்கைப் போட்டுப் பார்த்தால் மின்சாரம் வீண், போடக்கூடாது என்கிறது அதற்கு முந்தைய வருடத் தீர்மானம். எரியாத விளக்கைப் படம் பிடித்து அனுப்பினால் அது பழுதான விளக்கா சரியான விளக்கா என்று யாருக்குத் தெரியும்? மேற்பார்வையாளரிடம் கேட்டதற்கு, எரிகிற விளக்காக ஏதாவது ஒன்றைப் போடு என்றாராம். வாசல் விளக்கை ஒருநாள் சாயங்காலம் படம் பிடித்து வைத்துக்கொண்டான், அதையே போட்டுவந்தான். இரண்டு தீர்மானங்களையும் மன்றத்துக்காகத் தட்டச்சு செய்தவள் அவள்தான். ஒருதடவைகூட இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்கவில்லை.

“நான் ஆணையருக்கு எழுதிட்டேன்டா,” என்றாள். “வெள்ளிக்கிழமையே.”

அவன் மனைவி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவன் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

“மூணு தெருவும் போய்ப் பாத்தேன். எல்லாம் எரியுது. நான் சொல்றேன் அவர்கிட்ட.”

“தெருவுக்குப் போய்ப் பாத்தே. பெட்டியைத் திறந்து பாத்தே, சீட்டு இடம் மாறி இருந்துச்சு. மேலே இருக்கிற என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா.”

கேட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள் என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை ஆணையர் அறைக்கு வெளியே முதல் ஆளாக நின்றாள். நடந்ததைச் சொன்னாள், குறிப்பைத் திரும்பக் கேட்டாள். ஆணையர் கெட்டவரில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, பதிவேட்டில் ஏறியதைத் திருப்பித் தர விதியில்லையே என்றார். அந்த விதி யாரால் வந்தது என்று அவருக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை. விளக்கெல்லாம் எரிகிறது, நானே பார்த்தேன் என்றாள்.

“நம்பலாம்மா. ஆனா அவர் உங்க தம்பி. வேற யாராவது தன் தம்பிக்காக இப்படி வந்து நின்னா, நீங்க நம்புவீங்களா?”

மாட்டாள். வெளியே வந்து தன் அறையில் உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தாள். யாரோ குழாய் உடைந்தது என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

விசாரணை ஐந்து வாரம் இழுத்தது. வேலையில் குறையில்லை, படம் பொய், எச்சரிக்கை போதும் என்று முடிவு எழுதினார்கள். பெரிய தண்டனை ஒன்றுமில்லை. ஆனால் விசாரணையில் இருப்பவர்கள் பெயரை நீக்கிவிட்டு நிரந்தரப் பட்டியல் நடுவிலேயே வெளிவந்துவிட்டது. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி அவனுக்கு நாற்பது முடிந்தது. மேற்பார்வையாளர் தேநீர் அனுப்புவதை நிறுத்தவில்லை. அவர் உண்மையிலேயே நல்ல மனுஷன் போலிருக்கிறது, அவள்தான் அதைக் குடிக்க முடியாமல் ஆற வைத்தாள். விளக்குப் படங்களை மட்டும் இரவு எட்டு மணிவரை அனுப்பலாம் என்று மன்றம் தீர்மானத்தைத் திருத்தியது. அதையும் அவள்தான் தட்டச்சு செய்தாள். இந்தத் தடவை பழைய தீர்மானங்களையெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். யாருக்கு என்ன பிரயோஜனம்?

தம்பி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. காலையில் ஏணியைக் கட்டிக்கொண்டு போவான், வருவான், மாடிக்கு ஏறிவிடுவான்.

இரண்டு மாதம் கழித்து வாசல் விளக்கு போயிற்று. அவள் அலுவலகத்தில் தன் பெயரிலேயே புகார் எழுதி, எண் போட்டு, மின்பிரிவுக்கு அனுப்பினாள். மறுநாள் அவள் கிளம்பும் நேரத்தில் தம்பி ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். பல்பை மாற்றியிருந்தான், அந்தப் பட்டத்தையும் எடுத்துவிட்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், ஊரில் எல்லா வாசலிலும் சொல்கிற மாதிரியே அவளிடமும் சொன்னான்.

“சாயங்காலம் எரியும். பாத்துக்கங்க.”

நாற்பது வருடத்தில் அவன் அவளை ‘நீ’ என்றுதான் சொல்லியிருக்கிறான், ‘நீங்க’ என்றதே இல்லை.

அன்று பகல் பதினோரு மணிக்கு அந்தப் புகாரைத் திறந்தாள். படம் இன்னும் வரவில்லை; எட்டு மணிவரை அவகாசம் இருந்தது. படமில்லாமலே, பார்க்காமலே, ‘சரி செய்யப்பட்டது’ என்று எழுதி முடித்துவிட்டாள். முப்பத்தொரு வருடத்தில் வெறும் வாய்வார்த்தையை நம்பி அவள் முடித்த ஒரே புகார் அது.

மாலையில் பேருந்தை விட்டுவிட்டு, வேண்டுமென்றே தாமதித்து, ஏழு மணிக்கு மேல் நடந்து வந்தாள். தெருமுனை திரும்பியதும் தலையைக் குனிந்துகொண்டாள். கம்பத்தைத் தாண்டும்போதும் நிமிரவில்லை. வாசலில் நின்று சாவியை எடுத்தாள். துவாரத்தைத் தடவித் தேட வேண்டியிருக்கவில்லை. மாடியில் அவன் நடக்கும் சத்தம் கேட்டது. “எரியுதுடா” என்று ஒரு குரல் கொடுக்க வாயெடுத்தாள். சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்வதாக அவன் நினைத்துவிடுவானோ என்று பேசாமல் கதவைத் திறந்து உள்ளே போனாள்.