மஞ்சள் கயிறும் மெக்சிகோ எலும்புக்கூடும்

போன வாரம் என் மகன் ஒரு பார்சல் வரவழைத்தான். பிரித்தால், தொப்பி போட்ட எலும்புக்கூடு ஒன்று பல்லெல்லாம் தெரிய கிடார் வாசிக்கிறது. "மெக்சிகோ நாட்டுப் படம்ப்பா. கையால செஞ்ச பேப்பர்" என்று எனக்கே பாடம் எடுத்தான். தாளில் ஊறின மரப்பட்டை வாடை லேசாக அடித்தது. அந்த வாடைக்கு எனக்கு மூச்சு முட்டும். ஏன் என்று அவனிடம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

இருபத்து நாலு வயதில் நான் போளூரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன். ஜவ்வாது மலையூர் ஒன்றில், மரப்பட்டையை ஊறவைத்துக் கையால் காகிதம் செய்யும் பட்டறை இருந்தது. சென்னை ஏற்றுமதிக்காரர் ஒருவர், இந்த எலும்புக்கூடுகளை அங்கேயே வைத்து ஸ்கிரீன் பிரிண்ட் பண்ணித் தரச்சொல்லி என்னை அனுப்பினார். அந்த நாட்டில் செத்தவர்கள் வருஷத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வருவார்களாம், அதற்கான படமாம். பெரிய அறிவாளி மாதிரி நான் கிண்டல் செய்தேன். கூழ்த் தொட்டியிலிருந்து தாள் எடுக்கும் காளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கைக்குழந்தை தூங்கும் பக்கம் அந்தப் படங்களைக் காயப்போட விடமாட்டாள்.

அந்த வாரம் அந்த மலையூரில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டினார்கள். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிப் போகிற போளூர்க்காரன் நான். மஞ்சள் கயிறு அழகாக இருக்கிறதே என்று நானாகவே கையை நீட்டினேன். அவிழ்க்கிற வரைக்கும் எட்டு நாள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது முடிச்சு போட்ட பிறகுதான் தெரிந்தது. எட்டு நாள்தானே என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் போளூரிலிருந்து வந்த ஜீப்காரர் ஒருவர் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார். "உங்கப்பாவுக்கு ரொம்ப முடியலையாம். உடனே வரச் சொன்னாங்க!"

ஊர்க்கவுண்டரிடம் ஓடினேன். அவர் தடுக்கவே இல்லை. தடுத்திருந்தால் சண்டை போட்டுவிட்டாவது போயிருப்பேன்.

"போறதுன்னா போ தம்பி. உன்ன யாரும் கட்டி வெக்கல. ஆனா ஊர்ல ஒரு புள்ளைக்கு இன்னா ஆனாலும், நீ தாண்டுனதாலதான்னு நெனப்பாங்க."

காளியம்மாவின் குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அவள் என் மணிக்கட்டையே பார்த்தாள். ஜீப் இறங்கிப் போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மீதி நாளெல்லாம் அச்சடித்தேன். வேறு என்ன செய்ய? நாலு பக்கமும் கொடியில் எலும்புக்கூடுகள் இளித்தன. பட்டறைக் கதவு திறந்தேதான் கிடந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது. காப்பை அவிழ்த்த கையோடு இறங்கி ஓடினேன். எங்கள் வாசலில் சாவுப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா முகத்தை நான் பார்க்கவே இல்லை. கிண்டல் செய்த எனக்கு, அந்த மெக்சிகோக்காரர்களின் ஒரு நாள் கிடைத்தால் போதும் என்று இன்றைக்கும் இருக்கிறது.

பட்டறை மூடிப் பல வருஷம் ஆகிறது. காளியம்மா மட்டும் வருஷா வருஷம் மகனிடம் புளி கொடுத்தனுப்புவாள். அதே குழந்தைதான், இப்போது மீசை வைத்த ஆள். நேற்று வந்தான். கையில் புது மஞ்சள் கயிறு.

"இன்னாப்பா, காப்பு கட்டிக்கினு எல்லை தாண்டிட்ட?"

"அதெல்லாம் இப்ப யாரு மாமா பாக்குறாங்க? காத்தால வந்துட்டு சாயங்காலம் போய்டுவேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. புளியை வாங்கி வைத்துவிட்டு, அந்தக் கட்டுப்பாடு எந்த வருஷத்தோடு போனது என்று கேட்டேன்.

அவனுக்கு விவரம் தெரிந்த நாளாக யாரும் அதைக் கடைப்பிடித்ததே இல்லையாம்.