மெழுகில் விழுந்த பேச்சு

தையல்காரம்மாவுக்குப் பாட்டு தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் அவளைப் பற்றிப் பேசியவர்கள் அவளுக்கு ஏதோ பெரிய சங்கீத ஞானம் இருந்ததாகக் கதை கட்டிவிட்டார்கள். ஒரு ஞானமும் கிடையாது. யாராவது ராகத்தின் பெயரைக் கேட்டால், "அதெல்லாம் அவர்கிட்ட கேளுங்க. எனக்குக் கழுத்தளவும் கையளவும்தான் தெரியும்" என்பாள்.

'அவர்' என்பது அவள் கணவர், பாட்டு வாத்தியார். பகலில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பார். மற்ற நேரமெல்லாம் சொந்தமாகப் பாட்டு கட்டுவார். வீட்டில் முன்னறை ஒன்றுதான் பெரியது. ஜன்னல் பக்கம் இவளுடைய தையல் மெஷின், எதிர்ச் சுவரோரம் அவருடைய பாயும் தம்புராவும். ஒரு வரியைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். வாரக்கணக்கில் அதையே போட்டு அரைப்பார். கண்ணை மூடிக்கொண்டு மெல்ல முணுமுணுத்துக்கொண்டே இருப்பவர், திடீரென்று கூரை எகிறுகிற மாதிரி குரலைத் தூக்குவார். அளவு கொடுக்க வந்த பெண்கள் பதறி எழுந்துவிடுவார்கள்.

தையல்காரம்மா பதற மாட்டாள். "தோள்பட்டைக்கு..." என்று ஆரம்பிப்பாள், நிறுத்துவாள். அவர் குரல் மேலே போய்ச் சுற்றிவிட்டுக் கீழே இறங்கும். "...ஒரு விரல்கடை கூட விடட்டுமா?" என்று விட்ட இடத்திலிருந்து தொடருவாள். அவர் கத்தப் போகிறார் என்பது அவளுக்கு ஒரு மூச்சுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். இத்தனை வருஷம் ஒரே அறையில் குப்பை கொட்டியதில் வந்த ஞானம் அவ்வளவுதான்.

ஆனால் அவர் பாட்டு சாமானியமானதில்லை. கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் வாய் தானாக முணுமுணுக்கும். அதுதான் வினையும் ஆயிற்று. பாடியவர்கள் எல்லாம் வாய்க்கு வந்தபடி வெட்டி ஒட்டிப் பாடினார்கள். "என் பாட்டை நானே இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளை மாதிரி பார்க்க வேண்டியிருக்கு" என்று அவர் புலம்புவார். எழுதி வைக்கச் சொன்னால், "எழுத்துல குரல் எங்க இருக்கு?" என்று சீறுவார். கோபத்துக்கு மட்டும் அந்த மனிதரிடம் பஞ்சமே இல்லை.

அந்தக் கோபத்தில்தான் ஒருநாள் வேலையை விட்டார். தலைமையாசிரியர் ஏதோ சொல்ல, இவர் ஏதோ சொல்ல, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அது கூடப் பரவாயில்லை. வருகிற வழியில் முடிவெட்டுகிறவரிடம் சொன்னார், டீக்கடையில் சொன்னார், கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். வீட்டில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ரவிக்கை அளவு பார்க்க வந்த ஒருத்திதான், "ஐயா வேலைய விட்டுட்டாராமே, இனி எப்படிம்மா சமாளிப்பீங்க?" என்று கேட்டாள். வாய் நிறையக் குண்டூசிகளை வைத்துக்கொண்டு, தையல்காரம்மா ரவிக்கையின் மடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினாள். வேலை போனதற்காக இல்லை. மெஷின் ஓடுகிற வரை சோறு ஓடும் என்ற தைரியம் அவளுக்கு இருந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்பதுதான் அவளைக் குத்தியது. அவர் மன்னிப்புக் கேட்கிற ஜாதியும் இல்லை. வளர்ந்த மகள் நடுவில் மாட்டிக்கொண்டாள். "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "எனக்குப் பசிக்கலைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." இரண்டு பேரும் நிற்பது ஒரே அறையில்! இப்படியே எட்டு மாதம் போயிற்று.

அப்போதுதான் இசைத்தட்டு பதிவு செய்கிறவர்கள் ஊருக்கு வந்தார்கள். ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்து, சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, பாடுகிறவர்களைக் கூப்பிட்டார்கள். அது மைக் வராத காலம். தடுப்புச் சுவரிலிருந்து பெரிய தகரப் புனல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பாடுகிறவர் அதற்குள் தலையை விடாத குறையாகப் பாட வேண்டும். மறுபக்கம் சுற்றுகிற மெழுகுத் தட்டில் ஊசி அந்தக் குரலைக் கீறிக்கொண்டே போகும். மெதுவாகப் பாடினால் கிட்டே வர வேண்டும். குரலைத் தூக்கினால் பின்னால் போக வேண்டும், இல்லாவிட்டால் ஊசி எகிறித் தட்டு பாழாகிவிடும்.

பாட்டு வாத்தியார் முதல் தட்டைப் பாழாக்கினார். கண்ணை மூடிப் பாடுகிறவருக்கு யார் கையைக் காட்டி என்ன பயன்? இரண்டாவது தட்டுக்கு, பின்னாலிருந்து இழுக்க ஓர் ஆளை நிறுத்தினார்கள். அவன் தோளைத் தொட்டதும், "யாருய்யா அது?" என்று இவர் போட்ட சத்தம் அப்படியே மெழுகில் பதிந்தது. மிச்சமிருந்தது ஒரே தட்டு. அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு மாலையில் கிளம்பப் போவதாகப் பதிவு மெஷினை ஓட்டுகிற மெஷின்காரர் சொன்னார்.

மகள் வீட்டுக்கு ஓடிவந்தாள். "அம்மா, அப்பா கூடத்து வாசல்ல உக்காந்திருக்கார். எனக்கு இது வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்கறார். கண்ணெல்லாம் கலங்கியிருக்கும்மா."

தையல்காரம்மா மெஷினை நிறுத்தினாள். "நான் உங்கப்பாவுக்காக வரல. பாட்டு வீணாப் போயிடக் கூடாதுன்னு வர்றேன்."

"பாட்டு பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. எப்பக் கத்துவார்னு தெரியும்."

கூடத்து வாசலில் அவளைப் பார்த்ததும் வாத்தியார் எழுந்து நின்றார். பின்னால் நின்று தானே அவரைப் பிடித்துக்கொள்வதாக அவள் மெஷின்காரரிடம் சொன்னாள். மெஷின்காரர் யோசித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் தலையை ஆட்டினார். "மூணு நிமிஷம். முடிச்சதும் உங்க பேரைச் சொல்லணும், அப்பதான் தட்டு மாறிப்போகாது. இது போச்சுன்னா அவ்வளவுதான்" என்றார்.

மெழுகு இறுகிவிடக் கூடாதென்று விசிறி கூடப் போடாத அறை. அவள் அவருக்குப் பின்னால் நின்று சட்டையின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். பாட்டு ஆரம்பித்தது. பல்லவியில் மெதுவாக இருந்தபோது முன்னால் தள்ளினாள். குரல் ஏறப் போகும் நேரம், ஏறுவதற்கு ஒரு மூச்சு முன்னால், இழுத்தாள். புனலுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்ற கவலையே இல்லாமல் அவர் பாடினார். தள்ளிய இடத்துக்குப் போனார், இழுத்த இடத்துக்கு வந்தார். பாதிப் பாட்டுக்கு மேல் அவளுக்கு இழுக்க வேண்டிய வேலையே இல்லை. கையை லேசாக அழுத்தினாலே அவர் தானாகச் சாய்ந்தார். சரணத்தின் உச்சியில் அவர் நின்ற நிற்பைப் பார்த்து மெஷின்காரரே வாயைப் பிளந்துவிட்டார். அப்படி ஒரு பாட்டை அந்த மனிதர் அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

பாட்டு முடிந்தது. தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. பெயரைச் சொல்லும்படி மெஷின்காரர் கையைக் கையைக் காட்டினார். வாத்தியார் இன்னும் கண்ணையே திறக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, வேர்வை சொட்டச் சொட்ட நின்றார். பின்னால் நின்றவளுக்குப் பெயரும் ஞாபகமில்லை, மெழுகும் ஞாபகமில்லை.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

"ம்" என்றார் அவர்.

மெஷின்காரர் ஊசியைத் தூக்கிவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மகள் முன்னால் நடந்தாள். இவர்கள் இருவரும் பின்னால். பாதி தூரம் போனதும் அவர், "வேலைய விட்டத முதல்ல உங்கிட்டதான் சொல்லியிருக்கணும்" என்றார். "இப்பதான் தெரிஞ்சுதாக்கும்" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை, எடுக்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

வேறு தட்டு இல்லாததால் அது அப்படியே வெளிவந்தது. பாட்டைக் கேட்டு உருகியவர்கள் கடைசியில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தையல்காரம்மாவுக்குத் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. துணி தைக்க வந்தவர்கள்கூட, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக் கேலி செய்தார்கள். ஆனால் இனி அந்தப் பாட்டை யாரும் வெட்டி ஒட்ட முடியாது. "தட்டுல இப்படித்தானே இருக்கு" என்று சின்னப் பிள்ளை கூடத் தட்டிக் கேட்கும். அடுத்தடுத்து அவர் பாடிய தட்டுகளுக்கெல்லாம் அவள் பின்னால் நின்றாள். வாயை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

மைக் வந்த பிறகு அவள் நிற்க வேண்டியதில்லை என்று ஆயிற்று. அந்த நாட்களில் தலை நரைத்த மெஷின்காரர் ஒருமுறை வீட்டுக்கே வந்தார். பழைய தட்டுகளைத் திரும்பவும் வெளியிடப் போகிறார்களாம். "முதல்ல வெளிவந்த தட்டுல அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் எடுத்துடலாங்களா? இப்ப அதுக்கு வசதி இருக்கு" என்றார்.

"அவளைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வாத்தியார் உள்ளே போனார்.

"தாராளமா எடுக்கச் சொல்லுங்க. பட்ட கேலி போதும்" என்றாள் அவள்.

அவர் வெளியே வந்தார். "எடுக்கக் கூடாதுங்கறா" என்றார்.

அது அவள் காதில் நன்றாக விழுந்தது. மெஷின்காரர் போகும்வரை பொறுத்திருந்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் என்ன சொன்னேன், நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ பேசினது மட்டும் இருந்தா எடுக்கச் சொல்லியிருப்பேன்" என்றார். "அதுக்கப்புறம் நான் பதில் சொல்லியிருக்கேன்ல. எட்டு மாசம் கழிச்சு சொன்ன பதில். அதை எப்படி எடுக்கச் சொல்வேன்?"

அத்தனை வருஷமும் அந்தத் தட்டில் தன் பேச்சைத்தான் அவள் கேட்டு வெட்கப்பட்டிருக்கிறாள். அவருடைய அந்த ஒற்றை 'ம்' அவள் காதில் விழுந்ததே இல்லை. மகளைக் கூப்பிட்டு, அந்தத் தட்டை எடுத்துப் போடச் சொன்னாள்.