அடுப்போரம் இருந்த முகம்

ஹாலந்தில் ஹார்லெம் நகருக்கு வெளியே, மணல்மேட்டைத் தாண்டினால் ஹில்லெயின் பீர்க்கடை. கடை என்பது மரியாதைக்கு, பாதி மாட்டுக்கொட்டகை. பீப்பாய்க்கும் பன்றிக்கும் நடுவில்தான் உட்கார வேண்டும். நகரத்துப் பணக்காரர்களுக்கு இந்த அழுக்கைப் படமாக மாட்டிக்கொள்ள அப்படி ஓர் ஆசை. அதனால் ஓவியர் யோரிஸ் தினமும் வந்து மூலையில் குந்திக்கொள்வார். குடித்துவிட்டு அங்கேயே கவிழ்வார்.

பரணில் ஹில்லெயின் புருஷன் லம்பெர்ட் ஒளிந்திருந்தான். கிழக்கிந்தியாவுக்குப் போகும் கப்பலில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு, ஏறாமல் ஓடி வந்தவன். பிடிபட்டால் சாட்டையடி, மறுபடி கப்பல். போனவர்களில் பலர் திரும்புவதில்லை.

அன்று மத்தியானம் யோரிஸ், முடித்த படத்தைப் பீப்பாய்மேல் சாத்தி வைத்தார். பன்றி, உடைந்த கூடை எல்லாம் அச்சு அசல். அடுப்போரம் குளிர்காய்ந்துகொண்டு லம்பெர்ட்டும் அச்சு அசல்! ஓவியர் தூங்குகிறார் என்று நம்பி இறங்கியிருக்கிறான், மடையன்.

ஹில்லெ படத்தைத் திருப்பி வைக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து ஊர் அதிகாரி ஹுய்பெர்ட் உள்ளே வந்தார். ஓடிப்போனவர்களைப் பிடிப்பதுதான் அவர் வேலை.

“புதுப் படமாய்யா? காட்டும்.”

அவர் கண் பன்றியிடம் நின்றது.

“உங்க மாமனார் ஜாடை வந்துடுச்சுங்களா?” என்றார் யோரிஸ்.

அதிகாரி சிரித்தார். அடுத்தது அடுப்புதான். ஹில்லெ துணியோடு பாய்ந்தாள். “ஐயோ, படத்துல கரி!” ஒரே இழுப்பு. காயாத சாயம், லம்பெர்ட்டின் முகம் பழுப்புக் குழம்பானது.

“அடிப்பாவி!” யோரிஸ் எகிறினார்.

அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “எங்க வீட்டுக்காரியே தேவலாம்யா! வாசப்படியத் தொடைக்கறதோட விட்டுடுறா. கண்ட எடத்துல துணியப் போடுறதே இந்த ஊர்ப் பொம்பளைங்க வியாதி.”

யோரிஸ் திட்ட வாயெடுத்தவர், அவள் கண் பரணுக்குப் போய் வருவதைப் பார்த்தார். தூரிகையை எடுத்து, கலங்கிய இடத்தில் ஒரு பெரிய பீர் ஜாடியை வரைந்தார். முகம் தெரியாமல் கவிழ்த்துக் குடிக்கும் குடிகாரன்.

“இதுதான்யா ஜோர்! நானே எடுத்துக்கறேன்,” என்றார் அதிகாரி.

இப்போது லம்பெர்ட் அதிகாரி வீட்டுக் கூடத்தில் தொங்குகிறான். அடியில் போட்ட முகக் கோடு போகவில்லை, மேல் சாயம் வெளுத்தால் தெரியும் என்று யோரிஸ் ஒருநாள் உளறிவிட்டார். அங்கே பீர் கொண்டுபோகும்போதெல்லாம் ஜாடிக்குள் ஒரு மூக்கு முளைப்பதுபோல் இருக்கும் ஹில்லெக்கு.

“என்னம்மா அப்படிப் பாக்குற?” என்று கேட்டார் அதிகாரி.

“ஜாடி நல்லா இருக்குங்கய்யா.”

வீட்டுக்கு ஓடிவந்து பரணைப் பார்த்துக் கிசுகிசுத்தாள்: “யோவ், இன்னையிலேர்ந்து தாடி வளத்துக்கோ.”