கல்லுக்குள் இருந்த உப்பு

தயாளினியின் படிப்பு லேசுப்பட்டதல்ல. கப்பலில் போய் ஆழ்கடல் சேற்றைத் தோண்டி எடுத்து, அது படிந்த காலத்தில் கடல் எப்படி இருந்தது என்று வேதியியலால் கண்டு சொல்வாள். ஒரு காலத்துக் கடற்படிவு இறுகியதுதானே யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லும்? அதையும் அவள் விடவில்லை. வெள்ளைக்காரப் பேராசிரியர்களே அவள் சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். சொந்த ஊரான உரும்பிராயில் மட்டும் அவள் றஞ்சித்தின் தங்கச்சி.

சண்டைக் காலத்தில் சைக்கிளில் விறகு கட்டி விற்று அவளைப் படிப்பித்தவன் றஞ்சித். அதை அவன் ஒருநாளும் மறக்க விட்டதில்லை. இப்போது வளவில் ஆழக் குழாய்க்கிணறு அடித்து, ஓயாமல் மோட்டர் போட்டு, பவுசர் வண்டியில் தண்ணீர் விற்கிறான். பக்கத்துத் தோட்டத்து மார்க்கண்டரின் கிணறு உப்பாகி, வெங்காயம் நுனி கருகிச் செத்தது.

"கொண்ணை றஞ்சித்தின்ரை மோட்டராலையோ, பிள்ளை? நீ சொன்னால் நான் நம்புவன்" என்று மார்க்கண்டர் அவளிடம் வந்தார்.

தண்ணீரைச் சோதித்தாள். சந்தேகமே இல்லை. நல்ல தண்ணீரை மோட்டர் உறிஞ்ச, அடியில் கிடந்த கடல்நீர் மேலே ஏறியிருந்தது.

"கல்லுக்கை கிடந்த பழைய உப்பெண்டு சொல்லு. கல்லு கடலிலை பிறந்ததுதானே?" என்றான் றஞ்சித். "ஆரடி உன்னைப் படிப்பிச்சது?"

சொன்னாள், பாவி! மார்க்கண்டரின் முகத்தைப் பார்த்தே, அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"கடவுள் வைச்ச உப்புக்கு ஆரோடை சண்டை பிடிக்கிறது?" என்று மார்க்கண்டர் காணியை வந்த விலைக்கு விற்றார். உப்புக் காணியை வேறு யார் வாங்குவார்? றஞ்சித்தேதான்.

காணி உறுதி எழுதிய கையோடு அவன் கேட்டான்: "மோட்டரை நிப்பாட்டினால் கிணறு திருந்துமோ?"

"ஓம் அண்ணை. ரெண்டு மூண்டு மாரி போனால் திருந்தும்" என்று வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டாள். அன்றைக்கே மோட்டர் நின்றது. பவுசர் வியாபாரத்தை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டான். எத்தனை நாளாக இதற்குக் காத்திருந்தானோ! அவள் மார்க்கண்டரின் கண்ணில் படாமல் நடந்துகொண்டாள்.

மூன்று மாரி போன பிறகு அந்தக் காணிப் பக்கம் போனாள். வெங்காயப் பாத்தியில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த மார்க்கண்டர் அவளைக் கண்டதும் எழும்பினார். கிணற்றில் அள்ளி, செம்பை நீட்டினார்.

"குடிச்சுப் பார் பிள்ளை, தேன்! எனக்கு வாய்க்கேல்லை. எல்லாம் கொண்ணையின்ரை ராசி."

அவள் வாங்கிக் குடித்தாள். நல்ல தண்ணீர்தான்.